சூப்புக்குள் ஒரு சில்லறைச் செலவு!

உப்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கூடினாலும் சொல்லிவிடும், குறைந்தாலும் சொல்லிவிடும். நாக்கில் பட்ட மறுநொடியே, ‘யாருய்யா இன்னிக்கு சமையல்?’ என்று கேட்க வைத்துவிடும். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்து உப்பளங்களில். ஆக, எதையும் மறைக்காமல் பட்டென்று சொல்வது எங்கள் ஊர்ச் சரக்கின் பிறவிக் குணம்!

சர்க்கரை அப்படியில்லை. லட்டில் இருந்தால் தெரியும். காபியில் இருந்தால் தெரியும். ஆனால் உப்பு, புளிப்பு, காரம் மூன்றும் கூடியிருக்கிற கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் போச்சு! அழைப்பிதழ் இல்லாமல் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி... மாப்பிள்ளை வீட்டார் ‘பெண் வீட்டுக்காரர் போல’ என்று நினைப்பார்கள். பெண் வீட்டார் ‘மாப்பிள்ளை வீட்டுக்காரர் போல’ என்று நினைப்பார்கள். இலை மட்டும் காலியாகிக்கொண்டிருக்கும்.

அப்படி அது தினமும் சாயங்காலம் வந்து உட்காரும் பந்தி ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் சூப்!

‘டயட்ல இருக்கேன்... சூப் மட்டும்!’

ஆபீஸ் முடிந்து நாலு பேர் ஹோட்டலுக்குப் போனால், அதில் ஒருவர் நிச்சயம் டயட்டில் இருப்பார். மற்ற மூவரும் பரோட்டா, சால்னா என்று ஆர்டர் பண்ணும்போது அவர் மட்டும் மெனு கார்டைத் தியாகி போல மூடி வைத்துவிட்டு, “எனக்கு ஒரு சூப் மட்டும் போதும்” என்பார். குரலில் ஒரு துறவியின் சாந்தம். பரோட்டா சாப்பிடும் மூவருக்கும் லேசான குற்ற உணர்ச்சி வரும். அதுதான் அவருக்கு வேண்டியது!

2010-களின் நடுவில் தமிழ்நாட்டில் ‘பேலியோ’ அலை அடித்தது. அரிசியை விட்டுவிட்டு முட்டையும் பாதாமுமாகத் திரிந்தார்கள். பிறகு ‘16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு’ வந்தது. இரண்டுக்கும் பொதுவான நண்பன் சூப். ‘தண்ணி மாதிரிதானே... அதுல என்ன இருக்கப் போவுது?’

என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. நான் படித்தது பி.காம். வைத்தியம் தெரியாது. ஆனால் கணக்கில் எது எந்தத் தலைப்பில் ஒளிந்திருக்கும் என்று தேடுகிற புத்தி மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் உண்டு. பெரிய செலவை யாரும் மறைக்க முடியாது. வாடகை, சம்பளம் எல்லாம் பளிச்சென்று தெரியும். வில்லங்கமெல்லாம் ‘இதர சில்லறைச் செலவுகள்’ என்று ஒரு வரி வருமே, அங்கேதான்!

சாமி விரதம் வேறு... சர்க்கரை விரதம் வேறு!

தூத்துக்குடிப் பக்கம் விரதத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஐப்பசியில் கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் கோயிலில் ஆறு நாள் விரதமிருக்க ஊர் ஊராக வந்து தங்குகிறார்கள். பனிமய மாதா கோயில் தெருக்களில் நாற்பது நாள் தவக்காலம். ரமலான் மாதம் வந்தால் காயல்பட்டினத்தில் நோன்புக் கஞ்சி.

இந்த விரதங்களில் எதுவும் ஒளிவுமறைவு இல்லை. பால், பழம், பானகம் என்று எடுத்துக்கொள்பவர்கள் தெரிந்தேதான் எடுத்துக்கொள்கிறார்கள். முருகன் கார்போஹைட்ரேட் எண்ணுவதில்லை! நோன்புக் கஞ்சியும், ‘நான் அரிசிக் கஞ்சி’ என்று தன்னைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டுதான் கிண்ணத்தில் இறங்குகிறது. எங்கள் ஊர் மக்ரூனும் அப்படித்தான். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி... வாயில் போட்டதும் மூன்றும் கையெழுத்துப் போட்டு ஆஜராகும்.

டாக்டர் சொல்லி இருக்கும் விரதம் வேறு. அங்கே கணக்கு கிராமில். ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால், கல்லீரலில் சேர்த்து வைத்த குளுக்கோஸ் குறைந்து, உடம்பு கொழுப்பை எடுத்துச் செலவழிப்பது கூடும். மாவும் சீனியும் உள்ளே போனதும் இன்சுலின் ஏறும். இன்சுலின் ஏறினால் கொழுப்பு கரைவது குறையும். பேங்க் பாஷையில் சொன்னால்... பணமில்லாமல் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைக்கப் போகும் நேரத்தில், யாரோ கரண்ட் அக்கவுண்ட்டில் ஆயிரம் ரூபாய் போட்டுவிட்ட மாதிரி. டெபாசிட் அப்படியே பத்திரமாக இருக்கும். நம் விஷயத்தில் டெபாசிட் என்பது தொப்பை!

ஒரு சூப்பும், ஒரு சந்தேகமும்

எனக்கு ஒரு நண்பர். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற கிளியரிங் ஏஜென்சி ஒன்றில் டாக்குமென்ட் பார்க்கிற வேலை. வயது 34. கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் ஹெச்.பி.ஏ.1.சி. என்ற மூன்று மாத சராசரி சர்க்கரை 6.1 என்று வந்துவிட்டது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய ஸ்டேஷன். ரயில் இன்னும் ஜங்ஷனுக்கு வரவில்லை. சிக்னல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். இப்படிப்பட்டவர்கள் இந்தியாவில் 13.6 கோடிப் பேர். ஜங்ஷனுக்கே வந்து சேர்ந்துவிட்டவர்கள் 10.1 கோடி என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது.

மனிதர் பயந்துபோய் ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். ஆபீஸ் முடிந்து வரும் வழியில் ஒரு ஹோட்டலில் தக்காளி சூப். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து குளுக்கோமீட்டரில் விரலைக் குத்தினால்... நம்பர் இறங்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம்... இறங்கவே இல்லை.

வீட்டில் விசாரணைக் கமிஷன் ஆரம்பமாகிவிட்டது. “நீங்களே கேளுங்கண்ணே! ராத்திரி ஒண்ணும் சாப்பிடலைங்காவ. மிஷின்ல மட்டும் ஏறுது. மிஷின் பொய் சொல்லுமா, இவுக பொய் சொல்லுதாவளா?” என்று அவர் மனைவி என்னிடம் பிராது கொடுத்தார். ஆபீஸ் பையில் மக்ரூன் பாக்கெட் இருக்கிறதா என்று சோதனை வேறு நடந்திருக்கிறது. டாக்டரும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “உண்மையைச் சொல்லிடுங்க...” என்றாராம்.

பசியைக்கூடத் தாங்கிவிட்டார் மனிதர். பத்து வருஷமாக ஒரு பொய் சொல்லாமல் குடும்பம் நடத்தியவனுக்குத் திருட்டுப் பட்டம் கட்டியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“சர்க்கரைதான கேட்டீக?”

ஒரு நாள் நானும் அவரும் சேர்ந்தே அந்த ஹோட்டலுக்குப் போனோம். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள், நல்ல பரோட்டா.

சர்வரிடம் நண்பர் கேட்டார்: “தம்பி, சூப்புல சர்க்கரை போடுவீங்களா?”

“சே... சே! சர்க்கரையே போட மாட்டோம் அண்ணாச்சி!”

நண்பர் என்னை வெற்றியோடு பார்த்தார். எனக்கு ஒரு சந்தேகம். “சீனி?”

“சீனி லேசா போடுவோம். நீங்க சர்க்கரைதான கேட்டீக?”

தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புரியும். எங்கள் பக்கம் வெள்ளையாக இருந்தால் சீனி. சர்க்கரை என்றால் பழுப்பு நிறத்தில் இருக்கும் நாட்டுச் சரக்கு, இல்லையென்றால் வியாதி! சர்வர் பொய் சொல்லவில்லை. நண்பரும் பொய் சொல்லவில்லை. நடுவில் தமிழ் விளையாடிவிட்டது.

கூட்டம் குறைந்த நேரமாகையால் மாஸ்டரும் வெளியே வந்தார். கோபப்படவே இல்லை. விளக்கம் சொன்னார்: “தக்காளி ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காது அண்ணாச்சி. ஒரு நாள் பழுத்தது வரும், ஒரு நாள் செங்காயா வரும், புளிச்சுத் தள்ளும். சீனி போட்டாத்தான் எல்லா நாளும் ஒரே ருசி. அதுவும் நாக்குக்குத் தெரியாத அளவுதான்!”

‘நாக்குக்குத் தெரியாத அளவு’... இதுதான் விஷயம். சீனி போட்டால் புளிப்பு அமிலம் ஒன்றும் குறைந்துவிடாது. அது அப்படியேதான் இருக்கும். புளிப்பும் இனிப்பும் சேர்ந்தால் ஒன்றையொன்று அமுக்கிக் காட்டுவது நாக்கின் சுபாவம். நாம் ‘புளிப்பு குறைந்தது’ என்று நினைக்கிறோம். ‘இனிப்பு கூடியது’ என்று நினைப்பதில்லை. கணக்கில் வரவும் செலவும் தட்டிக் கழிந்து பாக்கி சைபர் என்று காட்டுகிற மாதிரி. பாக்கி சைபர்தான். ஆனால் பணம் கைமாறியது நிஜம்!

பெரிய புள்ளி வேறொருவர்!

சீனியைப் பிடித்தாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டால், அது வெறும் எடுபிடிதான். பெரிய புள்ளி பின்னால் இருக்கிறார். பெயர் கார்ன்ஃப்ளார். மக்காச்சோள மாவு.

சூப் பளபளவென்று, கெட்டியாக, ஸ்பூனில் ஒட்டிக்கொண்டு இறங்குகிறதே... அது தக்காளியின் பெருமை இல்லை. மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதியில் ஊற்றினால், மாவுத் துகள்கள் தண்ணீரைக் குடித்து ஊதிப் பெருத்துக் கஞ்சியாகின்றன. ‘ஹாட் அண்ட் சோர்’, ‘மஞ்சோ’, ‘ஸ்வீட் கார்ன்’ எல்லாவற்றுக்கும் இதுவே அஸ்திவாரம். வெந்த மாவு சீக்கிரமாக ஜீரணமாகிக் குளுக்கோஸாக ரத்தத்தில் சேரும். இனிப்பே தெரியாது. ஆனால் உடம்பின் கணக்குப் புத்தகத்தில் சீனியும் மாவும் ஒரே பக்கம்தான்.

வாருங்கள், ஒரு கிண்ணம் தக்காளி சூப்புக்குக் காஸ்டிங் போடுவோம். ஒவ்வொரு ஹோட்டலுக்கும் கைவாகு வேறு. இது சுமாரான கணக்கு.

கார்ன்ஃப்ளார் ஒரு டேபிள் ஸ்பூன் – 7 கிராம் மாவுச்சத்து.
நிறத்துக்குத் தக்காளி சாஸ் ஒரு டேபிள் ஸ்பூன் – 4 கிராம் சர்க்கரை.
சீனி ஒரு டீஸ்பூன் – 4 கிராம்.
ஆக மொத்தம் – 15 கிராம்.

15 கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு ஸ்லைஸ் ரொட்டி. அதாவது நீங்கள் குடித்தது, கரைத்த ரொட்டி! அதன் மேல் மொறுமொறுவென்று பொரித்த ரொட்டித் துண்டுகளை வேறு மிதக்க விடுகிறார்கள். அது அரை ஸ்லைஸ் என்றால் இன்னொரு 6, 7 கிராம். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ரொட்டி!

தக்காளிக்குச் சொந்தமாகவே 100 கிராமுக்குச் சுமார் 3 கிராம் சர்க்கரை உண்டு. அது அதன் பிதுரார்ஜிதம், கணக்கில் சேர்க்கவில்லை.

வியாதி எதுவும் இல்லாத, கணக்கு எதுவும் பார்க்காத ஆளுக்கு இந்த 15 கிராம் ஒரு பொருட்டே இல்லை. தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் கடுமையான லோ-கார்ப் டயட்டில் ஒரு நாளைக்கு மொத்தமே 20-லிருந்து 50 கிராம் வரைதான் அனுமதி. 20 கிராம் ஆசாமிக்கு ஒரே கிண்ணத்தில் முக்கால்வாசி பட்ஜெட் காலி! சேர்க்கிற சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. சாஸும் சீனியுமாகச் சூப்பிலேயே இரண்டு ஸ்பூன் போய்விட்டது. காபிக்கு எங்கே போவது?

மிளகுத் தண்ணி போய் சூப் வந்தது!

இதில் ஒரு சரித்திர வேடிக்கையும் உண்டு. இங்கிலீஷ்காரர்கள் ‘மல்லிகட்டானி’ என்று ஒரு சூப் குடிக்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, நம்ம மிளகுத் தண்ணி! 1886-ல் வெளியான ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதியிலேயே தமிழ்ச் சொல் என்று போட்டிருக்கிறார்கள். நம்மிடம் வாங்கும்போது அது மிளகும் புளியும் போட்ட தெளிந்த ரசம். அங்கே போன பிறகு கறி சேர்ந்தது, கெட்டிப்படுத்த மாவு சேர்ந்தது, சிலர் ஆப்பிளைக்கூட நறுக்கிப் போட்டார்கள்.

நம் பாட்டி கொடுத்த ரசத்தில் மாவு கிடையாது. ‘ரசம் தண்ணியா இருக்கே’ என்று யாரும் குறை சொன்னதும் கிடையாது. அதையே சூப் என்று பெயர் மாற்றிப் பீங்கான் கிண்ணத்தில் கொடுத்தால் மட்டும், ‘என்னப்பா தண்ணியா இருக்கு?’ என்று சர்வரைக் கூப்பிடுகிறோம். கெட்டியாக இருந்தால்தான் காசுக்குத் தகுந்த சரக்கு என்ற நம்பிக்கை நமக்கு. மாஸ்டர் பாவம் என்ன செய்வார்? மாவைக் கரைக்கிறார்!

நடைப்பயிற்சி போகிற இடங்களில் மூலிகைச் சூப் வண்டிகள் நிற்கின்றன. முருங்கைக்கீரை, முடக்கத்தான், வாழைத்தண்டு... பேரைக் கேட்டாலே பாதி வியாதி ஓடும். அங்கேயும் சில வண்டிகளில் சூப் கெட்டியாக இருக்கிறது. கீரை கெட்டியாகாது ஸார். கெட்டியாக இருந்தால், உள்ளே யாரோ இருக்கிறார்!

திறக்காத கன்டெய்னர்

சட்டம் என்ன சொல்கிறது? பாக்கெட் சூப் என்றால் பிரச்னை பாதி தீர்ந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 2020-ம் வருஷத்து லேபிள் விதிகள்படி, சேர்மானங்களை எடை அதிகமானதில் ஆரம்பித்து இறங்கு வரிசையில் போட வேண்டும். சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்றும் போட வேண்டும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் மாவோ சீனியோ இருந்தால், அது சூப் வேஷம் போட்ட கஞ்சி. மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப் என்று புனைபெயரிலும் வருவார்கள். எழுத்தாளர்கள் மட்டும்தான் புனைபெயர் வைத்துக்கொள்ள வேண்டுமா என்ன?

ஹோட்டல் சூப்புக்கு அப்படி லேபிள் கிடையாது. அதே விதிகளில், மத்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்களும், 10 இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருப்பவர்களும் மெனு கார்டில் கலோரி போட வேண்டும் என்று இருக்கிறது. நம் தெருமுனை ஹோட்டலுக்கு இருப்பது ஒரே கிளை. அதிலும் பாதி மரத்தடியில்!

இதைக் கேட்டதும் நண்பர் சிரித்துவிட்டார். “ஏல, இது எங்க பில் ஆஃப் லேடிங் மாதிரிலா இருக்கு!” என்றார். கப்பலில் சரக்கு ஏற்றும்போது, மூடி சீல் வைத்த கன்டெய்னரைக் கப்பல்காரர் திறந்து பார்ப்பதில்லை. ரசீதில் ‘ஸெட் டு கன்டெய்ன்’ என்று போட்டுவிடுவார். ‘உள்ளே இன்ன சரக்கு இருப்பதாகச் சொன்னார்கள், எனக்குத் தெரியாது’ என்று அர்த்தம். மெனு கார்டும் அப்படித்தான். ‘டொமேட்டோ சூப்: உள்ளே தக்காளி இருப்பதாகச் சொல்லப்படுகிறது!’

எங்கள் ஊரின் பழைய தொழிலும் இதைத்தான் சொல்கிறது. மன்னார் வளைகுடாவில் இந்தியப் பக்கத்து முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அள்ளி வந்த சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்று ஏலம் எடுப்பவருக்குத் தெரியாது. சுத்தமான சூதாட்டம் என்று தோன்றும். ஆனால் குளிப்பு ஆரம்பிக்கும் முன்பே மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைக்கிற முத்தை மதிப்புப் போட்டுப் பார்த்துவிடுவார்கள். அத்தனை பெரிய சூதாட்டத்திலும் ஒரு சாம்பிள் பார்த்தார்கள். நாம் ஒரு கிண்ணம் சூப்புக்குப் பார்ப்பதில்லை!

சாம்பிள் பார்த்தோம்!

நண்பர் பார்த்தார். ஒரு சாயங்காலம், மதியச் சாப்பாடு முடிந்து ஐந்து மணி நேரம் கழித்து, குளுக்கோமீட்டரில் 108. வழக்கமான தக்காளி சூப், மேலே ரொட்டித் துண்டோடு. வேறு எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து 151.

மறுநாள் அதே நேரம், அதே ஹோட்டல். “மாஸ்டர், மாவு வேண்டாம், சீனி வேண்டாம், சாஸ் வேண்டாம், ரொட்டி வேண்டாம். சிக்கன் வேக வைத்த தண்ணியில மிளகுத் தூள் போட்டுக் கொடுங்க.” ஆரம்பத்தில் 106. ஒரு மணி நேரம் கழித்து 113.

இது ஆராய்ச்சி இல்லை. ஒரு ஆள், இரண்டு நாள், அவ்வளவுதான். வீட்டு மிஷினில் நூறுக்கு மேலே 15 சதவிகிதம் வரை முன்னே பின்னே இருக்கலாம் என்று அதற்கான சர்வதேச தர அளவே அனுமதிக்கிறது. ஆகவே 106-க்கும் 113-க்கும் வித்தியாசம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் 108-லிருந்து 151 என்பது மிஷினின் சோம்பேறித்தனம் இல்லை. அன்று ராத்திரி அந்த இரண்டு தாளையும் மனைவி முன்னால் வைத்தபோது நண்பர் முகத்தில் இருந்த கம்பீரத்தைப் பார்த்திருக்க வேண்டும்... ஹைகோர்ட்டில் விடுதலையானவர் போல!

மிஷின் இல்லாதவர்கள் ஸ்கூல் லேபை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். தெளிவான சூப் ஒரு ஸ்பூனைத் தட்டில் விட்டு நன்றாக ஆற வையுங்கள். சூடாக இருந்தால் நிறம் காட்டாது. ஒரு சொட்டு அயோடின் டிங்சர். கருநீலமாக மாறினால் உள்ளே மாவு உண்டு. தக்காளி சூப்புக்கு இது சரிப்படாது. முக்கியமான விஷயம்... சோதித்த சூப்பைக் குடித்துவிடாதீர்கள்! ஹோட்டல் மேஜையிலும் இதைச் செய்யாதீர்கள், போலீஸைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அதே 15 கிராம்... மருந்து!

இதுவரை சிரித்தது போதும். ஒரு சீரியஸான விஷயம்.

இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டைத் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், மயக்கம் வரும். அப்போது டாக்டர்கள் உடனே கொடுக்கச் சொல்வது எவ்வளவு தெரியுமா? 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சீனி. பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்கச் சொல்வார்கள்.

நம் சூப் கணக்கில் வந்த அதே 15 கிராம்! அந்த நேரத்தில் சூப்பை நம்பாதீர்கள். கரைத்த குளுக்கோஸ்தான் வேகமாக வேலை செய்யும். நான் சொல்ல வருவது வேறு. ஒரு ஆளின் உயிரைப் பிடித்து நிறுத்துகிற அளவு ஒரு கிண்ணத்துக்குள் பெயர் போடாமல் இருக்கலாமா? சீனி குற்றவாளி இல்லை. மாவும் குற்றவாளி இல்லை. மறைந்திருப்பதுதான் குற்றம். இருக்கிறது என்று தெரிந்தால் ஒருவர் மாத்திரையை, சாப்பாட்டை, நடையைக் கணக்குப் பண்ணிக்கொள்வார். தெரியாவிட்டால் டாக்டர் மருந்தைக் கூட்டுவார், மனைவி பையைச் சோதிப்பார். குடித்தவர் மட்டும் தன்னையே சந்தேகப்படுவார்.

அதனால் மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் விரதமோ டயட்டோ ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் கேட்கும்போது, ‘ஒண்ணும் சாப்பிடலை, சூப் மட்டும்’ என்று சொல்லாதீர்கள். ‘சூப் சாப்பிட்டேன்’ என்று சொல்லுங்கள். ‘மட்டும்’ என்ற சொல்லில்தான் இத்தனை வில்லங்கமும்!

நாலே கேள்வி

ஹோட்டலில் ‘சர்க்கரை உண்டா?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்:

மாவு கரைத்து ஊற்றுவீர்களா?
சாஸ் ஊற்றுவீர்களா?
சீனி போடுவீர்களா?
இந்த மூன்றும் இல்லாமல் தனியாகப் போட்டுத் தர முடியுமா?

நாலாவது கேள்விதான் முக்கியம். காலையிலேயே மொத்தமாகப் போட்டு வைத்த சூப் என்றால் முடியாது என்பார்கள். அதுவும் ஒரு பதில்தான்! ஆட்டுக்கால் சூப், நண்டு சூப், சிக்கன் கிளியர் சூப் என்று தெளிவாக இறக்குகிற வகைகளில் மாவு இல்லாமல் கேட்டால் அநேகமாகக் கிடைக்கும். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். வாங்கும் பொருளின் தரமும் அளவும் தெரிந்துகொள்வது நுகர்வோர் உரிமை என்று 2019-ம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. ‘வெங்காயம் போடாம ஒரு ஆம்லெட்’ என்று அதட்டிக் கேட்கிற நமக்கு, ‘மாவு போடாம ஒரு சூப்’ என்று கேட்க என்ன கூச்சம்?

நண்பர் இப்போது ஹோட்டல் பக்கமே போவதில்லை. வீட்டிலேயே மிளகு ரசம், டம்ளரில். ‘சூப்’ என்று சொன்னால்தான் அவருக்கு இறங்குகிறது என்பதால் அவர் மனைவியும் பெரிய மனசு பண்ணி அப்படியே பெயர் வைத்துவிட்டார். என்ன சேர்மானம் என்று கேட்டால் உப்பு உட்பட ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறாராம்.

“எல்லாம் சரிதாம்ல... ஆனா டம்ளரைக் கழுவி வச்சுட்டுத்தான் எந்திரிக்கணுமாம். அந்த விதிமுறையை மட்டும் மெனுல போடவே இல்ல!” என்கிறார் நண்பர்.